தெனோச் நிறுத்தாத ஊர்

(மெக்சிகோ ரோடு மூவிகள் குறித்த சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்ட படத்தின் கதை சின்னது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கல்லூரி திறக்கும்வரை ஊர்சுற்றித் திரியும் இரண்டு பையன்கள். காதலிகள் இருவரும் இத்தாலிக்குச் சுற்றுலா போய்விட்டார்கள். பொழுது போகவில்லை. பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்றில், தங்களைவிடப் பத்து வயதாவது மூத்த ஒரு ஸ்பானியப் பெண்ணைச் சந்திக்கிறார்கள். 'போக்கா தெல் சியேலோ' என்று ஒரு கடற்கரை இருக்கிறது, சொர்க்கத்தின் வாய் என்று அர்த்தம், நாங்கள் அங்கேதான் போகப்போகிறோம், நீங்களும் வாருங்களேன் என்று அளந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு கடற்கரை எங்கே இருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. சில நாள் கழித்து அவளே தொலைபேசியில் கூப்பிட்டு, நானும் வருகிறேன் என்கிறாள். அப்புறம் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் கார், நீண்ட சாலை, மூன்று பேர்.

படத்தின் பெயர் 'ஈ து மமா தம்பியேன்'. 'உன் அம்மாவும்தான்' என்று பொருள். இயக்கியவர் அல்ஃபோன்சோ குவாரோன். திரைக்கதையை அவரும் அவர் தம்பி கார்லோஸ் குவாரோனும் சேர்ந்து எழுதினார்கள். ஒளிப்பதிவு இம்மானுவேல் லுபெஸ்கி. ஹூலியோவாக கேல் கார்சியா பெர்னால், தெனோச்சாக டியேகோ லூனா, லூயிசாவாக மாரிபெல் வெர்து. 2001 ஜூன் மாதம் மெக்சிகோவில் வெளியானது. அதே ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் திரைக்கதைக்கு ஒரு விருதும், அந்த இரண்டு பையன்களுக்கும் இளம் நடிகர்களுக்கான மர்செல்லோ மாஸ்த்ரோயானி விருதும் கிடைத்தன. பிறகு திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை வந்தது. மெக்சிகோவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். குவாரோன் சகோதரர்கள் அதை எதிர்த்துச் சண்டை போட்டார்கள். படத்தின் படுக்கையறைக் காட்சிகளைப் பற்றி அப்போது பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அந்தப் பேச்சுக்குள் இங்கே போகவேண்டியதில்லை. முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது என்பதை மட்டும், பார்க்காதவர்களுக்காக முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

ரோடு மூவி என்றால் ஒரு வாய்ப்பாடு உண்டு. வீட்டை விட்டுக் கிளம்புகிற இளைஞன் வழியில் உலகத்தைப் பார்க்கிறான், மனசு விரிகிறது, ஆளாகித் திரும்புகிறான். சே குவேரா தன் இளமையில் தென்னமெரிக்காவைச் சுற்றிய கதையைச் சொல்லும் 'மோட்டார் சைக்கிள் டயரீஸ்' இந்த வாய்ப்பாட்டுக்கு நல்ல உதாரணம். 2004-இல் வந்த அந்தப் படத்தில் சே குவேராவாக நடித்ததும் இதே கேல் கார்சியா பெர்னால்தான். குவாரோன் படத்திலும் உலகம் இருக்கிறது. கார் ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில். ராணுவச் சோதனைச் சாவடி, கல்யாண ஊர்வலம், சாலையோரச் சிலுவைகள், போலீசார் வரிசையாக நிறுத்திவைத்துச் சோதிக்கும் விவசாயிகள். கேமரா அத்தனையையும் பார்க்கிறது. பையன்கள் பார்ப்பதில்லை. தங்கள் காதல் பராக்கிரமங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே கடந்துபோகிறார்கள். பயணம் முடியும்போது அவர்களும் ஆளாகிறார்கள். ஆனால், கண்டும் காணாமல் இருக்கப் பழகுவதுதான் இந்த ஊரில் ஆளாவது என்று படம் காட்டுகிறது. இந்தப் பேச்சு முழுக்க அதைச் சுற்றியே போகும்.

மெக்சிகோ சினிமாவில் சாலை எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஐம்பது ஆண்டு பின்னால் போனால் லூயி புனுவலின் 'சுபிதா அல் சியேலோ' கிடைக்கிறது. 1952-இல் வந்தது. குவெரேரோ மாநிலத்துக் கடலோரக் கிராமத்தில் ஒலிவேரியோ என்ற இளைஞனுக்குக் கல்யாணம் நடந்த கையோடு, அம்மா சாகக் கிடக்கிறாள் என்று செய்தி வருகிறது. அண்ணன்மார் சொத்தைச் சுருட்டப் பார்க்கிறார்கள். உயில் எழுத வக்கீலைப் பிடிக்க அவன் பஸ் ஏறி நகரத்துக்குப் போகவேண்டும். அந்த பஸ்ஸில் யார்தான் இல்லை? தேர்தலில் நிற்கும் அரசியல்வாதி, மரக்கால் வைத்த ஆள், நிறைமாத கர்ப்பிணி. அந்தப் பெண்ணுக்கு வழியிலேயே பிரசவம் ஆகிறது. ஆற்றில் பஸ் மாட்டிக்கொள்கிறது. டிராக்டரால் முடியாததை ஒரு சிறுமி மாடுகளைக் கட்டி இழுத்து முடிக்கிறாள். திரும்பி வரும்போது அதே பஸ்ஸில் அந்தச் சிறுமியின் சவப்பெட்டி ஏறுகிறது. டிரைவர் தன் அம்மாவின் விசேஷம் என்று சொல்லி பஸ்ஸை நடுவழியில் நிறுத்திவிட்டு விருந்துக்குப் போய்விடுகிறார். பயணிகள் அத்தனை பேரும் கூடவே போகிறார்கள். ஒலிவேரியோவுக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் மற்றவர்களின் பிறப்பையும் இறப்பையும் தாண்டித்தான் அவன் நகர முடியும். பொதுப் பேருந்து என்றால் அப்படித்தான்.

குவாரோனின் கதை நடக்கும் 1999-க்கு வரும்போது பஸ் போய்க் கார் வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் நடந்ததைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1988 முதல் 1994 வரை அதிபராக இருந்த கார்லோஸ் சலீனாஸ், ஒரு கையெழுத்தில் தொழிற்சாலைகளையும் இன்னொரு கையெழுத்தில் வங்கிகளையும் தனியாருக்கு மாற்றியவர். தனியார் முதலீட்டில் 5,000 கிலோமீட்டருக்கும் மேல் சுங்கச்சாலைகள் போடப்பட்டதும் அவர் காலத்தில்தான். 1993-இல் அகபுல்கோ கடற்கரைக்குப் போகும் 'சூரிய நெடுஞ்சாலை' திறந்தது. கட்டணம் கட்ட ஆளில்லாமல் பல சாலைகள் காற்றாடின; 1997-இல் அரசே கடனை ஏற்று மீட்கவேண்டியிருந்தது. சுங்கச்சாலைக்கு இணையாகப் பழைய இலவசச் சாலையும் ஓடும். காசுள்ளவர்களுக்கு ஒரு வழி, இல்லாதவர்களுக்கு ஒரு வழி. 2000-இல் ஹுவான் கார்லோஸ் தெ யாகா எடுத்த 'போர் லா லிப்ரே' என்ற படம் அந்த இலவசச் சாலையைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. தாத்தாவின் சாம்பலைக் கடலில் கரைக்க அகபுல்கோவுக்குக் கார் ஓட்டிப் போகும் இரண்டு இளைஞர்களின் கதை அது.

சினிமா தியேட்டருக்கும் இதே கதைதான். அரசுக்குச் சொந்தமான கோத்ஸா தியேட்டர் நிறுவனம் 1993-இல் விற்கப்பட்டது. உள்நாட்டுப் படங்களுக்குத் திரையில் பாதி நேரம் ஒதுக்கவேண்டும் என்ற பழைய விதி, 1992-இல் வந்த புதிய சட்டத்தால் முப்பது சதவீதமாகி, படிப்படியாகப் பத்துக்கு இறங்கியது. பேட்டைத் தியேட்டர்கள் மூடின; வணிக வளாகங்களில் மல்டிபிளெக்ஸ்கள் முளைத்தன. அங்கே டிக்கெட் வாங்க முடிந்தவர்கள் நகரத்து நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள். 'அமோரெஸ் பெர்ரோஸ்', 'ஈ து மமா தம்பியேன்' இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்து அந்தப் பிள்ளைகளைத் தியேட்டருக்கு இழுத்தன. ஆகவே தெனோச்சும் ஹூலியோவும் திரையில் மட்டும் இருந்தவர்களில்லை. இருட்டில் பாப்கார்னோடு உட்கார்ந்திருந்தவர்களும் அவர்களே.

இருவரில் தெனோச் இதுர்பிதே பெரிய இடத்துப் பிள்ளை. அப்பா ஹார்வர்டில் பொருளாதாரம் படித்தவர், அரசில் உயர் பதவி. மகனுக்கு ஹெர்னான் என்று பெயர் வைப்பதாக இருந்தது. அவன் பிறந்த ஆண்டில் அப்பா அரசுப் பணியில் சேர்ந்தார், தேசப்பற்று பொங்கிவிட்டது, அஸ்தெக்கு மூதாதையின் பெயரை வைத்துவிட்டார். அஸ்தெக்குகளை வீழ்த்திய ஸ்பானியன் ஹெர்னான் கோர்தேஸின் பெயரைத் தூக்கிவிட்டு அவன் அழித்தவர்களின் பெயரைச் சூட்டிக்கொள்ளும் ஆளும் வர்க்கத்தைக் குவாரோன் ஒரே வரியில் நக்கலடித்துவிடுகிறார். தெனோச்சுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது, கெட்டுப்போன சோளத்தை ஏழைகளுக்கு விற்ற ஊழலில் அப்பாவின் பெயர் அடிபட, குடும்பம் எட்டு மாதம் கனடாவின் வான்கூவருக்குப் போய்த் தங்குகிறது. ஏன் போனோம் என்று தெனோச் ஒருநாளும் கேட்டதில்லை. இதைக் கதைசொல்லியின் குரல்தான் நமக்குச் சொல்கிறது. பார்க்காமல் இருக்கும் பயிற்சி அவனுக்கு அந்த வயதிலேயே தொடங்கிவிட்டது.

ஹூலியோ சபாத்தாவின் அம்மா ஒரு பெரிய நிறுவனத்தில் செயலாளர். அப்பா எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கா மனுவேலா தேசியப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இடதுசாரி. பயணம் போகும் கார் அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. 'பெத்சபே' என்று பெயர். அதே காரில்தான் மனுவேலா சியாபாஸ் மாநிலத்துக்குத் துணியும் உணவும் மருந்தும் கொண்டு போகவிருக்கிறாள். சியாபாஸ் என்றதும் அன்றைய மெக்சிகோ ரசிகனுக்கு 1994 ஜனவரி 1 நினைவுக்கு வரும். வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த அதே நாளில் அங்கே பழங்குடி விவசாயிகளின் சபதிஸ்தா கிளர்ச்சி வெடித்தது. தம்பி கடற்கரைக்கு ஓட்டுகிற காரை அக்கா போராட்டத்துக்கு ஓட்டுவாள். படம் இதைச் சத்தம் போடாமல் சொல்லிவிட்டுப் போகிறது.

பாத்திரங்களின் பெயர்களில் மெக்சிகோ சரித்திரப் பாடமே இருக்கிறது. 1822-இல் பேரரசராக முடிசூட்டிக்கொண்டவர் இதுர்பிதே. நிலம் கேட்டுப் போராடி 1919-இல் சுட்டுக்கொல்லப்பட்டவர் சபாத்தா. அப்போது அதிபராக இருந்தவர் கர்ரான்சா. படத்தில் வரும் மீனவரின் குடும்பப் பெயர் அது. ஸ்பெயினிலிருந்து வந்த லூயிசாவின் குடும்பப் பெயர் கோர்தேஸ். பெயரை வைத்து விடுகதை போட்டதாகச் சிலர் சலித்துக்கொண்டதுண்டு. ஆனால் சபாத்தாவும் இதுர்பிதேயும் ஒரே காரில் சிரித்துக்கொண்டு போவதும், சண்டை வந்ததும் ஒருவன் மற்றவனின் பிறப்பைச் சொல்லித் திட்டுவதும் விடுகதையோடு நிற்கிற சங்கதியில்லை.

இருவரும் உயிர் நண்பர்கள். தங்களுக்கென்று விதிமுறைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஹூலியோ தெனோச் வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்திவிட்டு வரும்போது, வாடை தெரியாமலிருக்கத் தீக்குச்சி கொளுத்துவான். தெனோச் ஹூலியோ வீட்டுக்குப் போனால் கழிவறை மூடியைக் கையால் தொடமாட்டான், காலால் தூக்குவான். இந்தச் செய்தியை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. நட்பு, காதல், துரோகம் என்று படம் எவ்வளவு பேசினாலும், அந்தத் தீக்குச்சியும் அந்தக் காலும் பிற்பகுதிச் சண்டைக்கு முன்னமே அடித்தளம் போட்டுவிடுகின்றன.

இதையெல்லாம் சொல்வது யார்? டேனியல் ஹிமெனெஸ் காச்சோ என்ற நடிகரின் குரல். அந்தக் குரல் வருவதற்குமுன் படத்தின் மொத்த ஒலியும் அறுந்துவிடும். கார் ஓடிக்கொண்டிருக்கும், உதடுகள் அசைந்துகொண்டிருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. ஒரு நொடி மௌனம். பிறகு அரசாங்க அறிக்கை வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாத குரல் ஒரு தகவலைச் சொல்லும். முடிந்ததும் மறுபடி பாட்டு, சிரிப்பு, கெட்ட வார்த்தை. முதல்முறை தியேட்டரில் ஒலிப்பெட்டி கெட்டுவிட்டது என்றுகூட நினைக்கத் தோன்றும்.

நகரத்துப் போக்குவரத்து நெரிசல் ஒன்றில் பையன்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஏதோ ஊர்வலம் போலிருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். குரல் திருத்துகிறது. அன்று நகரத்தில் ஊர்வலங்கள் நடந்தது உண்மைதான். இந்த நெரிசலுக்குக் காரணம், மிச்சோவகான் மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு கொத்தனார் பஸ் மோதி இறந்துகிடப்பது. நடைமேம்பாலத்தைத் தப்பான இடத்தில் கட்டியிருந்தார்கள். அதில் ஏறிப் போனால் இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக நடக்கவேண்டும், அதனால் சாலையின் குறுக்கே போனார். அவர் உடலைக் கேட்டு ஆள் வர நான்கு நாள் ஆகிறது. இதைக் குரல் சொல்லி முடிப்பதற்குள் பையன்களின் கார் நகர்ந்துவிடுகிறது. புனுவலின் பஸ்ஸில் சவப்பெட்டிக்கு இடம் இருந்தது. இங்கே சவம் போக்குவரத்து இடைஞ்சல்.

குரல் காதுக்குச் செய்வதை லுபெஸ்கியின் கேமரா கண்ணுக்குச் செய்கிறது. பெரும்பாலும் கையில் பிடித்து, நீண்ட ஷாட்டுகளாக எடுத்த படம் இது. சாலையோரச் சாப்பாட்டுக்கடைக் காட்சி ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். மூவரும் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். வேறு எந்தப் படத்திலும் கேமரா அவர்கள் முகத்திலேயே நிற்கும். இங்கே ஒரு வயதான அம்மாள் குறுக்கே போக, கேமரா நாயகர்களை அம்போ என்று விட்டுவிட்டு அவள் பின்னால் போகிறது. கடையின் பின்கட்டு. அடுப்படியில் பெண்கள் சமைக்கிறார்கள், பாத்திரம் தேய்க்கிறார்கள். கதைக்கும் இந்த அடுப்படிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. மேசைக்கு வந்த சாப்பாட்டுக்கு மட்டும் உண்டு. கொஞ்ச நேரம் அங்கே இருந்துவிட்டுக் கேமரா திரும்புகிறது.

இன்னொரு ஷாட் கண்ணாடியில் நடக்கிறது. லூயிசா ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று, தான் விட்டுவந்த கணவனிடம் கடைசியாகப் பேசுகிறாள், அழுகிறாள். அதே கண்ணாடியில், பின்னால் மேசைக் கால்பந்து ஆடும் பையன்கள் பிரதிபலிக்கிறார்கள். ஆட்டத்தில் மும்முரமாக இருக்கிறார்கள், கோல் விழுந்தால் கத்துகிறார்கள். ஒரே சட்டகம், வெட்டு இல்லை. மரணத்தை எதிர்பார்த்திருப்பவளும் விளையாட்டுப் பிள்ளைகளும் ஒரே கண்ணாடித் தகட்டில். ரசிகன் எதைப் பார்ப்பது என்று அவனே முடிவு செய்துகொள்ளவேண்டும்.

லூயிசா மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவள். ஊருக்கு ஊர் இறங்கிப் பேசுகிறாள். கயிறு கட்டி வண்டிகளை மறித்துத் தங்கள் ஊர் 'ராணி'க்குக் காசு கேட்கும் ஆட்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு மூதாட்டி அவளுக்குச் சின்னப் பொம்மை ஒன்றைத் தருகிறாள். அது அந்த மூதாட்டியின் கொள்ளுப்பேத்தியுடையது. அவள் பெயரும் லூயிசாதான். அமெரிக்காவுக்குப் போய்ப் பிழைக்கலாம் என்று எல்லை தாண்டும்போது அரிசோனா பாலைவனத்து வெயிலில் அந்தக் குழந்தை இறந்துபோனது. நமக்குக் குரல் சொல்கிறது. நாளை என்ற ஒன்று தனக்கு அதிகம் இல்லை என்று தெரிந்திருக்கும் பெண்ணின் கையில் அந்தப் பொம்மை போய்ச் சேர்கிறது. அவளுக்குப் புற்றுநோய். பையன்களிடம் அவள் அதைச் சொல்வதேயில்லை.

கடைசியில் கடற்கரை கிடைத்துவிடுகிறது. பையன்கள் வாய்க்கு வந்தபடி சொன்ன அதே பெயரில் ஒரு கடற்கரை தற்செயலாக இருக்கிறது. சூயி என்ற மீனவரும் அவர் குடும்பமும் மூவரையும் படகில் ஏற்றிப் போகிறார்கள், மீன் பொரித்துக் கொடுக்கிறார்கள். படத்திலேயே மனசு லேசாகும் இடம். அங்கேயும் ஒலி அறுகிறது. ஆண்டு முடிவதற்குள் சூயி வீட்டைக் காலி செய்யவேண்டியிருக்கும். ஊர்ப் பொதுநிலத்தில் சொகுசு ஓட்டல் வரப்போகிறது. சுற்றுலாப் படகு ஓட்டிப் பார்ப்பார். அகபுல்கோவிலிருந்து வரும் படகுக்காரர் கூட்டம் விடாது. கடைசியில் அந்த ஓட்டலிலேயே துப்புரவு வேலைக்குச் சேர்வார். அவர் மறுபடி மீன் பிடிக்கப் போவதில்லை. இத்தனையையும் குரல் எதிர்காலத்தில் சொல்கிறது. திரையில் சூயி சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இது கதாசிரியரின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. மெக்சிகோ புரட்சி தந்த பெரிய கொடை, 'எஹிதோ' என்ற ஊர்ப் பொதுநிலம். விற்க முடியாத அந்த நிலத்தை விற்கலாம் என்று 1992-இல் அரசியல் சாசனத்தின் 27-ஆம் பிரிவைத் திருத்தினார்கள். படப்பிடிப்பு நடந்தது வஹாகா மாநிலத்து வாதுல்கோ வளைகுடாப் பகுதியில். 1970-களில் கான்கூனை உருவாக்கிய அதே அரசுச் சுற்றுலா அமைப்பு, 1980-களில் வாதுல்கோவில் ஊர் நிலங்களைக் கையகப்படுத்தி ஓட்டல் நகரம் கட்டியது. மீன் பிடித்தவர்களும் சோளம் போட்டவர்களும் கடலோரத்திலிருந்து நகர்த்தப்பட்டார்கள். சூயியின் வருங்காலம் அங்கே பலருக்கு இறந்தகாலம். இதில் ஒரு விசித்திரம், படத்தில் வரும் ககலூத்தா கடற்கரை மட்டும் தப்பித்துவிட்டது. 1998 ஜூலையில் அறிவிக்கப்பட்ட வாதுல்கோ தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அது வருகிறது. குவாரோனின் கதையில் ஓட்டல் எழுந்த இடத்தில் நிஜத்தில் ஓட்டல் கிடையாது.

பயணம் முடிகிறது. கடற்கரையில் கழித்த கடைசி இரவில் தங்களுக்குள் நேர்ந்த நெருக்கத்தைப் பற்றி நண்பர்கள் இருவரும் ஒருவரோடொருவர் முகம்கொடுத்துப் பேச முடியாமல் ஊர் திரும்புகிறார்கள். லூயிசா கடற்கரையிலேயே தங்கிவிடுகிறாள். ஏறக்குறைய ஓராண்டு கழித்துத் தெருவில் தற்செயலாகச் சந்திக்கும் நண்பர்கள், தவிர்க்க முடியாமல் ஒரு காப்பிக்கடையில் உட்கார்கிறார்கள். எழுத்தாளனாக ஆசைப்பட்ட தெனோச், அப்பா சொன்னபடி பொருளாதாரம் படிக்கப்போகிறான். அதற்கென்றே பேர்போன தனியார் கல்லூரியில். ஹூலியோ ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கப்போகிறான். லூயிசா இறந்துவிட்டாள் என்று தெனோச் சொல்கிறான். பில் வருகிறது. இருவரும் இனிச் சந்திக்கமாட்டார்கள் என்று குரல் சொல்லிவிடுகிறது.

அதற்குச் சற்று முன்னால் அந்தக் குரல் போகிறபோக்கில் இன்னொன்றும் சொல்கிறது. ஆளுங்கட்சி 71 ஆண்டுகளில் முதன்முறையாக அதிபர் தேர்தலில் தோற்றது. 2000 ஜூலை 2-இல் நடந்த அந்தத் தேர்தல் மெக்சிகோவையே புரட்டிப்போட்டது. விசென்தே ஃபாக்ஸ் வென்றார், தெருவெங்கும் கொண்டாட்டம். நாடே ஆளாகிவிட்டது என்று எல்லோரும் பேசிய நேரத்தில், குவாரோன் அதை ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார். அதிகாரம் கைமாறியது, தெனோச்சின் வகுப்பறை எது, ஹூலியோவின் வகுப்பறை எது என்பது மாறவில்லை.

இதே 1999-ஐ வேறொரு கோணத்தில் பார்த்தது 2014-இல் வந்த 'குவேரோஸ்'. அலோன்சோ ருயிஸ்பலாசியோஸின் முதல் படம், கறுப்பு வெள்ளை, கிட்டத்தட்டச் சதுரச் சட்டகம். தேசியப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தை எதிர்த்து 1999 ஏப்ரலில் மாணவர் வேலைநிறுத்தம் தொடங்கி, 2000 பிப்ரவரியில் கூட்டாட்சிப் போலீஸ் வளாகத்துக்குள் நுழையும்வரை நீடித்தது. அந்தக் காலத்தில் வீட்டில் முடங்கிக் கிடக்கும் அண்ணனிடம் வெராகுரூஸிலிருந்து தம்பி தோமாஸ் அனுப்பப்படுகிறான். மறந்துபோன ஒரு பழைய பாடகரைத் தேடி நண்பர்களோடு காரில் கிளம்புகிறார்கள். பயணம் முழுவதும் மெக்சிகோ நகருக்குள்ளேயே நடக்கிறது. பணக்காரக் குடியிருப்பு, முரட்டுப் பேட்டை, முற்றுகையிடப்பட்ட வளாகம். ஒரே நகரத்துக்குள் இத்தனை எல்லைகளா என்று தோன்றும். பெர்லினில் சிறந்த முதல் படத்துக்கான பரிசு அதற்குக் கிடைத்தது.

2013-இல் வந்த 'லா ஹவுலா தெ ஓரோ' காரையே பிடுங்கிவிட்டது. தியேகோ கெமாதா தியெஸ் இயக்கியது. குவாத்தமாலாவிலிருந்து கிளம்பும் பதின்வயதுப் பிள்ளைகள் சரக்கு ரயிலின் கூரையில் ஏறி மெக்சிகோவைக் கடந்து அமெரிக்காவுக்குப் போகப் பார்க்கிறார்கள். கிளம்புவதற்கு முன்பே சாரா என்ற பெண் முடியை வெட்டி, மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஆண்பிள்ளையாக வேஷம் போடுகிறாள். வழியில் சேரும் சௌக் ஸ்பானிய மொழி தெரியாத பழங்குடிப் பையன். தெனோச்சுக்குச் சோதனைச் சாவடி ஜன்னலுக்கு வெளியே ஓடும் காட்சி. இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் மொத்தப் பயணமும். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது.

இனித் தலைப்புக்கு வருவோம். பெத்சபே வஹாகா மாநிலத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை ஒலி அறுகிறது. தெபெல்மெமே என்ற ஊரின் பெயர்ப்பலகையைப் பார்க்கும் தெனோச்சுக்கு ஒன்று உறைக்கிறது. அது லியோவின் ஊர். பதின்மூன்று வயதில் மெக்சிகோ நகருக்கு வந்து, அவனைப் பிறந்ததிலிருந்து வளர்த்தவள். நான்கு வயதுவரை அவளைத்தான் அவன் அம்மா என்று கூப்பிட்டான். அவள் ஊருக்கு அவன் ஒருமுறைகூடப் போனதில்லை. பக்கத்தில் இருக்கும் இருவரிடமும் அவன் இதைச் சொல்வதில்லை. கார் நிற்பதும் இல்லை. படத்தின் முற்பகுதியில் லியோவை ஒருமுறை பார்த்திருப்போம். சோபாவில் சாய்ந்திருக்கும் தெனோச்சின் கையெட்டும் தூரத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். லியோ வீட்டின் மறுகோடியிலிருந்து தட்டோடு நடந்து வந்து, சாப்பாட்டை அவனிடம் வைத்துவிட்டு, அவன் பக்கத்திலிருக்கும் ரிசீவரை எடுத்து அவன் கையில் கொடுப்பாள். அவன் அசைந்திருக்கமாட்டான்.

லியோவாக நடித்தவர் நடிகை அல்ல. லிபோரியா ரோத்ரிகெஸ், குவாரோனைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர். அவருடைய ஊரும் தெபெல்மெமேதான். அப்படியானால் ஜன்னல் வழியே பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வாய்மூடியிருந்தவன் தெனோச் மட்டும்தானா என்ற கேள்வி எழுகிறது. பதினேழு ஆண்டு கழித்து, 2018-இல், குவாரோன் 'ரோமா' எடுத்தார். 1970-களின் தொடக்கத்தில் மெக்சிகோ நகர வீடொன்றில் வேலை செய்யும் கிளியோவின் கதை. படம் லிபோ என்கிற அந்த லிபோரியாவுக்குச் சமர்ப்பணம். கிளியோவாக நடித்த யலிட்சா அபரிசியோ வஹாகாவின் த்லஹியாகோ ஊரைச் சேர்ந்தவர், ஆசிரியப் பயிற்சி முடித்தவர், அதுவரை கேமரா முன்னால் நின்றதில்லை. வெனிஸில் தங்கச் சிங்கம், பிறகு இயக்கம், ஒளிப்பதிவு, அயல்மொழிப் படம் என்று மூன்று ஆஸ்கர்கள். முந்தைய படத்தில் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய கேமரா இம்முறை அடுப்படியிலேயே தங்கிவிட்டது.

விமர்சனம் இல்லாமலில்லை. 'நியூயார்க்கர்' இதழில் ரிச்சர்ட் பிராடி, கிளியோவை அதிகம் பேசவிடாமல் வைத்திருக்கிறார் இயக்குநர் என்று எழுதினார். அவள் என்ன நினைக்கிறாள், அவள் ஊரில் என்ன நடக்கிறது என்பது படத்தில் குறைவுதான். வளர்க்கப்பட்ட பிள்ளையின் பாசம் நிறைய இருக்கிறது. வளர்த்தவளின் வாதம் இல்லை. நியாயமான குறை.

அந்த வாதத்தைச் சினிமாவுக்கு வெளியே ஒருவர் ஏற்கெனவே தொடங்கியிருந்தார். தெபெல்மெமேயைக் கடந்து வஹாகா நகருக்குப் போகும் அதே நெடுஞ்சாலையில் நொச்சிஸ்த்லான் என்ற ஊர் வருகிறது. அங்கே பிறந்து, பதினான்கு வயதில் மெக்சிகோ நகருக்கு வீட்டுவேலைக்கு வந்தவர் மர்செலினா பவுதிஸ்தா. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான ஆதரவு, பயிற்சி மையம் ஒன்றை அவர் 2000-இல் நிறுவினார். அப்போது நாட்டில் லட்சக்கணக்கானோர் இந்த வேலையில் இருந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். எழுத்தில் ஒப்பந்தமோ மருத்துவக் காப்பீடோ ஓய்வூதியமோ கிடையாது. 2018 டிசம்பர் 5-இல், 'ரோமா' திரைகளில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டுவேலைக்காரர்களைச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலிருந்து விலக்கி வைத்திருந்தது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று மெக்சிகோ உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. பவுதிஸ்தாவின் அமைப்புக்கு 'ரோமா' படக்குழு வெளிப்படையாகத் துணை நின்றது.

தெனோச்சின் கதையை லியோ சொல்லியிருந்தால், அந்த ஸ்டேஷன் வேகன் எந்த ஊரில் நின்றிருக்கும், யார் இறங்கியிருப்பார்கள்? கேள்வி நேரத்தை இங்கிருந்து தொடங்கலாம்; 'ரோமா' பார்த்தவர்கள் முதலில் பேசுங்கள்.